பீட்டா 6 வேலின் யாரைத் தொடுகிறது? கருவிக்கு ஒரு பட்டியல் வருகிறது

கொழிஞ்சாம்பாறைக்காரி:

வணக்கம். கோயம்புத்தூரில் முதுகலை உயிர்த்தகவலியல் இறுதியாண்டு படிக்கிறேன். வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில். செயல்திட்டத்துக்குக் கதிரரிவாள் (சிக்கிள் செல்) ஹீமோகுளோபினை எடுத்திருக்கிறேன். அந்த இரத்த நோய் காணப்படும் அட்டப்பாடியும் வயநாடும் இவ்வளவு அருகில் இருக்கும்போது வேறு புரதம் தேட மனம் வரவில்லை.

பீட்டா சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்து உட்கார்ந்ததால் எந்தெந்த அமினோ அமில எச்சங்களோடு (சங்கிலியில் கோத்துள்ள அமினோ அமிலங்கள்) புதிய தொடுகை உண்டாகிறது என்று பட்டியலிட வேண்டும். புரதத் தரவு வங்கியிலிருந்து 2எச்பிஎஸ் கோப்பை இறக்கி, பி சங்கிலியை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிட்டேன். ஆல்ஃபா கார்பன்களுக்கு (ஒவ்வோர் எச்சத்தின் முதுகெலும்பில் உள்ள நடுக் கார்பன்) இடையே 8 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒன்று) என்று எல்லை வைத்தால் வேலினைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கிறது. பெரும்பாலும் அதே சங்கிலியில் முன்னும் பின்னும் உள்ளவை. எந்த அணுவானாலும் 4 ஆங்ஸ்ட்ராம் என்று இறுக்கினால் பட்டியல் சுருங்கிவிடுகிறது. இணையச் சேவை ஒன்று மூன்றாவதாக இன்னொரு பட்டியல் தருகிறது. இயல்பான ஹீமோகுளோபினின் 4எச்எச்பி கோப்போடு ஒப்பிட்டால் வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். பாடநூல்களில் ஃபீனைல்அலனின் 85, லூசின் 88 என்று இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் அவை தலைகாட்டவில்லை.

எந்த எல்லைத் தூரம் சரியானது? யாராவது தெளிவாகச் சொல்வீர்களா?

நிரல்நெசவு:

எல்லைத் தூரத்தைப் பிறகு பார்ப்போம். "பி சங்கிலியை மட்டும் பிரித்தெடுத்து" என்ற இடத்திலேயே 85உம் 88உம் வெளியே போய்விட்டன. அவை இந்த வேலினின் சொந்தச் சங்கிலியில் உள்ள 85, 88 அல்ல. பக்கத்து மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் உள்ளவை. முழுக் கோப்பையும் வைத்துத் தேடுங்கள்.

பழைய படிகம்:

தம்பி சொன்னது சரி. ஆனால் முழுக் கோப்பு மட்டும் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். பணியில் இருந்த காலமெல்லாம் எக்ஸ்-கதிர்ப் படிகங்களோடு கழித்தவன்; இப்போது பாலக்காட்டில் ஓய்வில் இருக்கிறேன். நேரம் நிறைய இருப்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்றில் நான்கு சங்கிலிகள்: 141 எச்சங்கள் கொண்ட ஆல்ஃபா இரண்டு, 146 எச்சங்கள் கொண்ட பீட்டா இரண்டு. இந்த நான்மம்தான் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிறது. 2எச்பிஎஸ் கோப்பில் இப்படி இரண்டு நான்மங்கள், ஆக எட்டுச் சங்கிலிகள் இருக்கின்றன. கதிரரிவாள் நோயில் நடப்பது என்ன? ஆக்சிஜனை இறக்கிவைத்த நான்மங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீண்ட இழையாகின்றன. ஒரு நான்மத்தின் 6ஆம் வேலின், எதிர் வரிசையில் நிற்கும் இன்னொரு நான்மத்தின் பீட்டா சங்கிலியில் ஃபீனைல்அலனின் 85, லூசின் 88 இரண்டும் சேர்ந்து அமைக்கும் குழிக்குள் நுழைகிறது. பக்கவாட்டுத் தொடுகை என்று இதைச் சொல்வோம். இரண்டு வரிசைகள் இப்படிப் பிணைந்து இரட்டை இழையாகின்றன. ஏழு இரட்டை இழைகள் முறுக்கிக்கொண்டு 14 இழைகள் கொண்ட கயிறாகின்றன. சிவப்பணுவை அரிவாள்போல் வளைப்பது அந்தக் கயிறு.

ஆகவே, அம்மணி, சங்கிலிக்குள் தேடியபோது 4எச்எச்பிக்கும் 2எச்பிஎஸ்ஸுக்கும் வேறுபாடு வராதது இயல்பு. 6ஆம் இடம் 'ஏ' திருகுச்சுருளின் (சங்கிலி திருகுபோல் சுருண்டிருக்கும் பகுதிகளில் முதலாவது) தொடக்கத்தில், மூலக்கூறின் வெளிப்பரப்பில் இருக்கிறது. அங்கே இருந்த குளூட்டமிக் அமிலம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது. வேலின் வந்த பிறகும் உள்ளே எதுவும் கலையவில்லை. அதனால்தான் இந்த ஹீமோகுளோபினும் ஆக்சிஜனைச் சுமக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. படிகக் கோப்பில் எழுதியிருப்பது, திரும்பத் திரும்ப அடுக்கப்படும் ஓர் அலகு மட்டுமே. அதன் விளிம்பில் நிற்கும் வேலினின் பங்காளி அடுத்த நகலில் இருக்கக்கூடும். பைமால், கைமெரா-எக்ஸ் போன்ற மூலக்கூறு காட்டும் மென்பொருளில் அந்தச் சமச்சீர் நகல்களை உருவாக்கிவிட்டுத் தேடுங்கள். எது கோப்புக்குள், எது வெளியே என்று முன்கூட்டி ஊகிக்க வேண்டாம். "உயிரியல் அலகு" என்ற பெயரில் கிடைக்கும் கோப்பை இறக்கினால் இன்னும் மோசம்: ஹீமோகுளோபினின் உயிரியல் அலகு நான்மம் ஒன்று என்பதால், நீங்கள் தேடும் தொடுகையையே அது கழற்றிப்போட்டுவிடும்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:

ஐயா, நன்றி. எட்டுச் சங்கிலிகளையும் நகல்களையும் வைத்துப் பார்த்தேன். 85, 88 இரண்டும் வந்துவிட்டன! ஆனால் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. 8 ஆங்ஸ்ட்ராம் ஆல்ஃபா கார்பன் முறையில் ஒரு பட்டியல், 4 ஆங்ஸ்ட்ராம் அணு முறையில் வேறு பட்டியல். நேர்முகத் தேர்வில் "ஏன் இந்த எண்?" என்று கேட்டால் என்ன சொல்வது? "எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்கள்" என்றால் விடமாட்டார்கள்.

நிரல்நெசவு:

விடக்கூடாது. கேட்கத்தான் வேண்டும்.

ஆல்ஃபா கார்பன் முறை சங்கிலியின் முதுகை மட்டும் பார்க்கிறது. பக்கச் சங்கிலி, அதாவது ஒவ்வோர் எச்சத்துக்கும் உரிய தனிக் கிளை, எந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. வேலந்தாவளத்தில் கேரளத்து வீடும் தமிழ்நாட்டு வீடும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கலாம். வாசல்கள் வேறு வேறு தெருவில் இருந்தால் இரண்டு குடும்பங்களும் பேசிக்கொள்வதே இல்லை. சங்கிலிப் பகுதிகள் பக்கம் பக்கமாக நீண்டு கிடக்கும் பீட்டா தகட்டில் இதை அப்பட்டமாகக் காணலாம். ஒரே இழையில் அடுத்தடுத்த எச்சங்களின் ஆல்ஃபா கார்பன்கள் 3.8 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் இருந்தாலும், ஒன்றின் பக்கச் சங்கிலி மேலே போகும், மற்றதுடையது கீழே போகும். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: ஆர்ஜினின், லைசின் போன்ற நீளக்கைக்காரர்களின் ஆல்ஃபா கார்பன் 10 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் இருக்கும்போதே நுனியில் உப்புப் பாலம் (எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு) அமைந்திருக்கும். 8 ஆங்ஸ்ட்ராம் முறை அதைத் தவறவிட்டுவிடும்.

அதனால்தான் புரத வடிவக் கணிப்புப் போட்டியான காஸ்ப்பில் பீட்டா கார்பன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்தார்கள். பீட்டா கார்பன் பக்கச் சங்கிலியின் முதல் அணு. திசையை ஓரளவு காட்டிக்கொடுக்கும். கிளைசினுக்கு அது கிடையாது என்பதால் அங்கே மட்டும் ஆல்ஃபா கார்பன்.

இனி உங்கள் "கூட்டம்". திருகுச்சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 எச்சங்கள். ஓர் எச்சத்திலிருந்து மூன்று தள்ளி இருப்பதன் ஆல்ஃபா கார்பன் சுமார் 5 ஆங்ஸ்ட்ராமிலும் நான்கு தள்ளி இருப்பது சுமார் 6.2 ஆங்ஸ்ட்ராமிலும் இருக்கும். எல்லாமே 8க்குள் அடங்கிவிடும். குளோபின் பெரும்பாலும் திருகுச்சுருள்களால் ஆனது, ஆகவே எந்த எச்சம் எதைத் தொடுகிறது என்று கட்டமிட்ட தொடுகை வரைபடம் போட்டால் மூலைவிட்டத்தை ஒட்டி ஒரு தடித்த பட்டைதான் முதலில் கண்ணில் படும். அது சுருள் இருக்கிறது என்பதைத் தவிர எதையும் சொல்லவில்லை. காஸ்ப்பில் சங்கிலி வரிசையில் 6 முதல் 11 வரை தள்ளி இருப்பவற்றைக் குறுந்தொலைவு, 12 முதல் 23 வரை நடுத்தொலைவு, 24உம் அதற்கு மேலும் நெடுந்தொலைவு என்று பிரித்துவிடுகிறார்கள். 6க்குக் கீழே கணக்கிலேயே இல்லை. உங்கள் வேலையில் இன்னும் எளிது. வேறு சங்கிலிக்குப் போகும் தொடுகைகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் ஆல்ஃபா கார்பன் முறையையே தூக்கிப் போடலாம்.

பழைய படிகம்:

அவ்வளவு அவசரம் வேண்டாம் தம்பி. அந்த 8 ஆங்ஸ்ட்ராமுக்கு நம் பக்கத்திலேயே நல்ல வரலாறு இருக்கிறது. மணவாளனும் பொன்னுசாமியும் 1978இல் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வோர் எச்சத்தையும் சுற்றி 8 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள கோளத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தச் சூழல் எவ்வளவு நீரை வெறுக்கிறது என்று கணக்கிட்டார்கள். 2001இல் கிரோமிஹாவும், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் செல்வராஜும் அதே 8 ஆங்ஸ்ட்ராமை வைத்து, வரிசையில் 12க்கு மேல் தள்ளி நிற்கும் எச்சங்களின் தொடுகைகளை எண்ணி, புரதம் எவ்வளவு விரைவாக மடியும் என்பதோடு பொருத்திக் காட்டினார்கள். அந்தக் கேள்விகளுக்கு ஆல்ஃபா கார்பன் சரியான அளவுகோல்தான். அங்கே தேவைப்பட்டது எச்சத்தின் சுற்றுப்புறம். எந்த அணு எதை உரசுகிறது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

உங்கள் கேள்வி உரசல் பற்றியது. குழிக்குள் வேலின் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஹைட்ரஜன் அல்லாத அணுக்களுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரத்தையே எடுக்க வேண்டும். என் வழக்கம் 4.5 ஆங்ஸ்ட்ராம். ஏன் என்று கேட்பவர்களுக்கு: கார்பனின் வான் டெர் வால்ஸ் ஆரம் 1.7. இரண்டு கார்பன்கள் ஒட்டி நின்றால் மையத்திலிருந்து மையத்துக்கு 3.4. தண்ணீர் மூலக்கூறின் விட்டம் ஏறத்தாழ 2.8. இரண்டுக்கும் நடுவே ஒரு தண்ணீர் நுழைய வேண்டுமானால் 6.2 ஆவது தேவை. 4.5இல் நிற்கும் இரண்டு கார்பன்களுக்கு நடுவே எதுவும் நுழைய முடியாது. அணுக்கள் சற்று அசைவதற்கும் படிகத்தில் அளவிட்ட இடத்தில் உள்ள சிறு பிழைக்கும் இடம் விட்டாயிற்று. 6 வரை போனால் உண்மையில் தொடாதவையும் வந்து சேரும். 4.5 சாத்திரம் அல்ல. 5 வைப்பவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

மேல் எல்லையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். கீழ் எல்லையைப் பற்றி ஏனோ யாரும் கேட்பதில்லை. எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் செய்த வேலை 1963இல் வெளிவந்தது. அந்த ராமச்சந்திரன் வரைபடத்தின் அடித்தளமே ஒரு தொடுகைத் தூரப் பட்டியல்தான். பிணைப்பில்லாத இரண்டு கார்பன்கள் 3.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வரக்கூடாது, மிஞ்சிப்போனால் 3.0. ஹைட்ரஜன்கள் இரண்டு 2.0க்குள் வரக்கூடாது, மிஞ்சிப்போனால் 1.9. கணினி என்ற பெயரையே பலர் கேட்டிராத நாளில், இந்த எண்களை வைத்துக்கொண்டே சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப முடியாது என்று வரைந்தார்கள். உங்கள் பட்டியலில் இரண்டு கார்பன்கள் 2.8இல் நிற்பதாக வந்தால் "வலுவான தொடுகை" என்று எழுதிவிடாதீர்கள். அது மோதல், மாதிரியில் அந்த இடம் சரியாகப் பொருத்தப்படவில்லை.

நிரல்நெசவு:

கேள்விக்கேற்ற அளவுகோல் என்றால் ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. தூக்கிப் போட வேண்டாம், மாற்றி எடுத்து வையுங்கள்.

எளிய வழி ஒன்று. எட்டுச் சங்கிலிகளிலும் தண்ணீரையும் ஹீமையும் (இரும்பைத் தாங்கும் பகுதி) விட்டால் ஒன்பதாயிரத்தை ஒட்டிய அணுக்கள். எல்லா இணைகளையும் அளந்தால் நான்கு கோடி. பழைய மடிக்கணினி மூச்சுத் திணறும். பயோபைத்தான் என்ற நிரல் தொகுப்பில் அண்டைத் தேடல் வசதி இருக்கிறது. இடத்தைக் கிளைகிளையாகப் பிரித்து வைத்துக்கொண்டு அருகில் உள்ளவற்றை மட்டும் பார்க்கும். நொடியில் முடிந்துவிடும். எம்டிட்ராஜ் என்ற இன்னொரு தொகுப்பைப் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள்: அது நானோமீட்டரில் பேசும். 4.5 என்று கொடுத்தால் 45 ஆங்ஸ்ட்ராம் என்று எடுத்துக்கொண்டு ஊரையே கூட்டிவந்து நிறுத்தும். 0.45 என்று கொடுக்க வேண்டும்.

ஆனைகட்டி ஆய்வகம்:

நான் எல்லையோரத்தில் இரத்தப் பரிசோதனை செய்கிறவள். கணக்கெல்லாம் எனக்குத் தூரம், ஆனாலும் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த நோய் நம் பக்கம் புதிதல்ல. இந்தியாவில் கதிரரிவாள் பண்பு முதலில் பதிவானதே 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். லேமனும் கட்புஷும் வெளியிட்டார்கள். 2023இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிய பிறகு பரிசோதனை முகாம்கள் நிறைய நடக்கின்றன.

முகாமில் நாங்கள் முதலில் செய்வது கரைதிறன் சோதனை. சோதனைக் குழாயில் தாங்கல் கரைசல், சோடியம் டைதயோனைட், அணுவை உடைக்க சப்போனின். அதில் ஒரு சொட்டு இரத்தம். குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டை. கோடு தெரிந்தால் இல்லை, கலங்கி மறைந்தால் உண்டு. உண்டு என்று வந்தால் அது பண்பு மட்டும் கடத்துபவரா நோயாளியா என்று இதில் தெரியாது; அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி அல்லது மின்முனைக்கவர்ச்சி (எலக்ட்ரோபோரெசிஸ்) தேவை. பச்சிளங்குழந்தைகளுக்கு இந்தச் சோதனையை நம்பக்கூடாது என்றும் எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

என் கேள்விகள் இரண்டு. அந்தக் கலங்கல், நீங்கள் பேசும் இந்தத் தொடுகைதானா? மரபணு அறிக்கைகளில் "குளூட்டமிக் 7 வேலின்" என்று வருகிறதே, 6ஆ 7ஆ?

பழைய படிகம்:

இரண்டாவது முதலில். இரண்டும் ஒன்றே. சங்கிலி உருவாகும்போது தொடக்கத்தில் ஒரு மெத்தியோனின் இருக்கும், பிறகு வெட்டப்பட்டுவிடும். மரபணு அறிக்கை அதையும் சேர்த்து எண்ணுகிறது. முதிர்ந்த புரதத்தை எண்ணினால் 6. படிகக் கோப்பில் 6தான். கொழிஞ்சாம்பாறை அம்மணி, தரவுத்தளங்களுக்கு இடையே எண்களைத் தாண்டும்போது உங்களுக்கும் இது குழப்பம் தரும், குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு: ஆம், குழாயில் நீங்கள் பார்ப்பது இதுதான். டைதயோனைட் ஆக்சிஜனைப் பறித்துவிடுகிறது. ஆக்சிஜன் போனதும் குழி தயாராகிறது, வேலின் நுழைகிறது, நான்மங்கள் திரள்கின்றன, ஒளி சிதறுகிறது, கோடு மறைகிறது.

"குழி தயாராகிறது" என்றேனே, அது ஏன் என்று தொடுகைக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஃபீனைல்அலனின் 85, லூசின் 88 இரண்டும் 'எஃப்' திருகுச்சுருளின் தொடக்கத்தில் இருக்கின்றன. மூன்று எச்சங்கள் தள்ளி இருப்பதால் சுருளின் ஒரே பக்கத்தைப் பார்க்கின்றன. அதே சுருளில் நான்கு தள்ளி, 92இல், ஹீமின் இரும்பைப் பிடித்திருக்கும் ஹிஸ்டிடின். ஆக்சிஜன் வந்து இரும்பைப் பிடித்தால் அந்த ஹிஸ்டிடின் இழுபடும், 'எஃப்' சுருளும் கூடவே நகரும், குழியின் வடிவம் வேலினை ஏற்காத நிலைக்குப் போகும். ஆகவே ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினின் படிகத்தை எடுத்துவைத்துக்கொண்டு இந்தத் தொடுகையைத் தேடினால் பயனில்லை. 2எச்பிஎஸ் ஆக்சிஜன் இறங்கிய நிலை, 4எச்எச்பியும் அதேதான். ஒப்பிட்டது சரியான இணை.

குழந்தைகள் விஷயம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் பெரும்பகுதி கருவியல் ஹீமோகுளோபின். அதில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. பீட்டாவின் 87இல் திரியோனின். காமாவில் அதே இடத்தில் குளூட்டமின். 85க்கும் 88க்கும் நடுவில், குழியின் வாசலில் உட்கார்ந்திருக்கும் எச்சம் அது. அங்கே பருமனான, நீரை நாடும் குளூட்டமின் வந்தால் பக்கவாட்டுத் தொடுகை கெடுகிறது. கருவியல் ஹீமோகுளோபின் இழையில் சேர மறுப்பதற்கு இது முக்கியக் காரணம். ஹைட்ராக்சியூரியா மருந்து முக்கியமாகக் கருவியல் ஹீமோகுளோபினை உயர்த்தித்தான் நோயாளிக்கு உதவுகிறது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மரபணுச் சிகிச்சை ஒன்று, பீட்டா சங்கிலியிலேயே 87ஆம் திரியோனினைக் குளூட்டமினாக மாற்றி உடலுக்குள் அனுப்புகிறது. தொடுகைப் பட்டியலில் ஒரு வரியை அழிப்பதற்கென்று செய்த சிகிச்சை.

கொழிஞ்சாம்பாறைக்காரி:

87 என் பட்டியலிலும் இருந்தது ஐயா! வேலினிலிருந்து எல்லைத் தூரத்தை ஒட்டி நின்றதால், 4 என்று வைத்தால் போகிறது, 5 என்று வைத்தால் வருகிறது. தேவையில்லாதது என்று கழித்துவிடவிருந்தேன்.

நிரல்நெசவு:

எல்லையில் வந்தும் போயும் இருப்பவற்றைக் கழிக்காதீர்கள். 4, 4.5, 5 மூன்றிலும் ஓட்டுங்கள். மூன்றிலும் நிற்பவை, ஒன்றில் மட்டும் வருபவை என்று தனித்தனி நிரலில் காட்டுங்கள். ஒரே எண்ணை வைத்து ஆம், இல்லை என்று முத்திரை குத்துவதைவிடத் தூரத்தையே எழுதுவது நேர்மையானது.

தொடுகையின் வகையையும் எழுதுங்கள். வேலின்–லூசின் நீர்வெறுப்புத் தொடுகை. அஸ்பார்டிக் அல்லது குளூட்டமிக் அமிலத்தின் ஆக்சிஜனும் லைசின் அல்லது ஆர்ஜினினின் நைட்ரஜனும் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் உப்புப் பாலம். இது 1983இல் பார்லோவும் தார்ன்டனும் வைத்த அளவு. ஹைட்ரஜன் பிணைப்புக்கு 3.5க்குள் வருவதோடு கோணமும் பார்க்க வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உருவான பிக் என்ற இணையச் சேவை இவற்றை வகை பிரித்துத் தரும். அதன் இயல்பு எல்லைகள் என்ன என்று படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். உங்கள் மூன்றாவது பட்டியல் வேறாக வந்ததற்கும் இப்படி ஏதாவது ஒரு சேவையின் இயல்பு எல்லையே காரணமாக இருக்கும்.

மீனாட்சிபுரத்தான்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இத்தனை தலைவலி எதற்கு? அமினோ அமில வரிசையை ஆல்ஃபாஃபோல்டு கணிப்பு நிரலில் போட்டால் வடிவம் வந்துவிடுகிறது. 2024இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். 6ஐ வேலினாக மாற்றிப் போட்டு ஓட்டினால் தொடுகை தெரிந்துவிடாதா?

நிரல்நெசவு:

போட்டுப் பாருங்கள் அண்ணா. அழகான நான்மம் வரும், இழை வராது. காரணம் சுவையானது. இந்த வகைக் கணிப்புகள் பெருமளவு உறவுக்காரப் புரதங்களின் வரிசைகளைப் பார்த்துக் கற்றவை. ஓரிடத்தில் எச்சம் மாறும்போது இன்னோரிடத்திலும் சேர்ந்து மாறினால், அந்த இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன என்று அனுமானிக்கலாம். கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இணைகளுக்கு இது பொருந்தும். 6ஆம் வேலினுக்கும் பக்கத்து மூலக்கூறின் 85, 88க்கும் அப்படிச் சேர்ந்து மாறிய வரலாறு கிடையாது. ஒற்றை மாற்றத்தில் முளைத்த தற்செயலான ஒட்டல் இது. வரிசைகளில் அதற்குத் தடயம் இருக்காது.

பழைய படிகம்:

வலுவிலும் அது பெரிய ஒட்டல் அல்ல. ஒரு வேலின், ஒரு சிறு குழி. ஆனால் சிவப்பணுவுக்குள் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 33 கிராம் ஹீமோகுளோபின் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் இறங்கிய கதிரரிவாள் ஹீமோகுளோபினின் கரைதிறன் அதில் ஏறத்தாழப் பாதிதான். அந்த நெரிசலில் சிறு ஒட்டலே போதும். தொடுகைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வலுவை எடைபோட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

படிகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விஷ்னரும் லவ்வும் அவர்களுடைய குழுவினரும் 1975இல் 5 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் பார்த்த அதே இரட்டை இழையை 1997இல் ஹாரிங்டன் குழு 2.05க்குக் கூர்மையாக்கியதுதான் 2எச்பிஎஸ். அதில் இரட்டை இழை நேராக இருக்கிறது. உயிருள்ள அணுவுக்குள் இழை முறுக்கிக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டுத் தொடுகையை நம்பி எழுதலாம். இழையின் நீளவாக்கில் வரும் தொடுகைகளைச் "படிகத்தில் காணப்படுபவை" என்று குறிப்பிட்டு எழுதுங்கள். படிகத்தில் வேறு எதையும் செய்யாமல் அடுக்கத்துக்காக மட்டும் உரசிக்கொள்ளும் எச்சங்களும் பட்டியலில் வரும். அவற்றைப் பிரிக்க ஒரு வழி, நோயாளிகளிடம் காணப்படும் பிற மாற்றங்களோடு ஒத்துப் பார்ப்பது. பீட்டா 121இல் குளூட்டமிக் அமிலம் குளூட்டமினாக மாறிய வகை டி பஞ்சாப் எனப்படும். தனியே இருந்தால் பெரிய தொல்லை தராது. கதிரரிவாள் மரபணுவோடு சேர்ந்து வந்தால் நோய் கடுமையாகிறது. 121 இழையின் தொடுகைகளில் பங்குபெறும் இடம். இப்படி மருத்துவச் சான்று இருக்கும் எச்சங்களுக்கு நட்சத்திரம் போடுங்கள்.

ஆனைகட்டி ஆய்வகம்:

டி பஞ்சாபை எச்பிஎல்சி வரைபடத்தில் தனி உச்சியாகக் காண்போம். அது ஏன் சேர்ந்து வரும்போது மட்டும் கடுமை என்று யாரும் எனக்கு விளக்கியதில்லை ஐயா. ஒரு சந்தேகம்: ஒரு மூலக்கூறில் இரண்டு பீட்டா, ஆக இரண்டு வேலின். இரண்டுமே இப்படி நுழைகின்றனவா?

பழைய படிகம்:

இல்லை. ஒன்றுதான் நுழைகிறது, மற்றது பக்கவாட்டுத் தொடுகையில் பங்கேற்பதில்லை. அதனால்தான் ஒவ்வொரு சங்கிலியின் வேலினையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எல்லாச் சங்கிலிகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இந்த வேறுபாடு கரைந்துபோகும்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:

செய்முறைப் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"2எச்பிஎஸ், ஆக்சிஜன் இறங்கிய நிலை, 2.05 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறன். எட்டுச் சங்கிலிகளும் அவற்றைச் சூழ்ந்த சமச்சீர் நகல்களும் எடுத்துக்கொள்ளப்பட்டன. வெவ்வேறு நான்மங்களைச் சேர்ந்த எச்சங்களின் ஹைட்ரஜன் அல்லாத அணுக்களுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரம் 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை எனக் கொள்ளப்பட்டது, 4.0, 5.0 எல்லைகளுக்கான முடிவுகள் தனி நிரலில் தரப்பட்டுள்ளன. 3.0க்குக் குறைவான கார்பன்–கார்பன் தூரங்கள் மோதலாகக் குறிக்கப்பட்டன. எண்முறை முதிர்ந்த சங்கிலிக்குரியது. நான்கு பீட்டா சங்கிலிகளின் 6ஆம் வேலினும் தனி வரிசைகளில் தரப்பட்டுள்ளன."

நிரல்நெசவு:

ஓர் எச்சத்துக்கு இரண்டு மாற்று இருப்பிடங்கள் கோப்பில் கொடுக்கப்பட்டிருந்தால் எதை எடுத்தீர்கள் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். இல்லையென்றால் சில கணினி நிரல்கள் இரண்டையும் எண்ணும், சில முதலாவதை மட்டும் எண்ணும். தண்ணீர் வழியாக வரும் மறைமுகத் தொடுகைகளைச் சேர்க்கவில்லை என்றும் எழுதிவிடுங்கள். மற்றபடி நேர்முகத் தேர்வுக்குப் போகலாம்.

ஆனைகட்டி ஆய்வகம்:

தங்கச்சி, அந்தக் குழியும் வேலினும் உள்ள படத்தைப் பெரிதாக ஓர் அச்சு எடுத்துத் தர முடியுமா? கோட்டு அட்டைக்குப் பக்கத்தில் மாட்டிவைக்கலாம். முகாமுக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகள் குழாய் ஏன் கலங்கியது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:

கட்டாயம் அக்கா. வேலினை ஒரு நிறத்திலும் 85, 88 இரண்டையும் வேறு நிறத்திலும் போடுகிறேன். 87ஐயும் காட்டவா?

ஆனைகட்டி ஆய்வகம்:

காட்டுங்கள். கைக்குழந்தைக்கு இந்தச் சோதனையை ஏன் நம்பக்கூடாது என்று அம்மாக்கள் கேட்கும் கேள்விக்கு அதுதான் பதில்.